இரண்டாம் பாட்டோடு வெளியே போன பிள்ளைகள்

பிள்ளைகளைத் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பின் மூன்றாவது சனிக்கிழமை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் கையை உயர்த்தினான். “டீச்சர், பாவ அறிக்கை சொல்லும்போது முழங்கால்படியிட வேண்டுமா, நிற்க வேண்டுமா?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மற்றவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். பதினொரு பேரில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அதில் ஒருத்தி சபை ஊழியரின் மகள்.

அந்தப் பையனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அவனைக் கையில் வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. ஞாயிறு பள்ளியில் தவறாமல் வந்ததற்கான பரிசை வருடந்தோறும் வாங்கியவன். தாவீது, தானியேல், யோனா எல்லாக் கதையும் மனப்பாடம். ஆனால் ஒரே ஒரு ஆராதனையில்கூட அவன் தொடக்கம் முதல் ஆசீர்வாதம் வரை இருந்ததில்லை. இருக்க விடாதவர்கள் நாங்கள். ஒன்பது வருடங்களாகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வெளியே நடத்திக்கொண்டு போனது என் கை.

எங்கள் சபை கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்கும் திருவட்டாறுக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கிறது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டம். ஏறத்தாழ 120 குடும்பங்கள், நான்கு வயது முதல் பதினான்கு வரை 43 பிள்ளைகள். காலை ஒன்பதரைக்கு ஆராதனை. இரண்டாம் பாட்டு முடிந்ததும் ஆயர் “பிள்ளைகள் போகலாம்” என்பார். ஞாயிறு பள்ளிக்காகப் பின்பக்கத்து அரங்கத்துக்குப் போவோம். வேதபாடம், விசுவாசப் பிரமாணம், பிரசங்கம், மன்றாட்டு, காணிக்கை எல்லாம் அவர்கள் இல்லாமல் நடக்கும். திரும்பி வரும்போது பெரியவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அரங்கத்தைக் கட்டியவர்கள் பிள்ளைகள்மேல் அன்பு கொண்டுதான் கட்டினார்கள். அவரவர் வயதுக்கு ஏற்ற பாடம் கிடைக்கட்டும், பெரியவர்களுக்கான பிரசங்கத்தில் பிள்ளைகள் வாட வேண்டாம் என்ற நினைப்பு. அதற்கு முன்பு, என் சிறு வயதில், கோயிலின் முன்புறத்தில் பனையோலைப் பாய் விரித்து எங்களை உட்கார வைத்தார்கள். பிரம்போடு ஒரு பெரியவர் நிற்பார். பேசினால் தலையில் ஒரு தட்டு. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாயில் உட்கார்ந்துதான் பரமண்டல ஜெபம் எனக்கு வாயில் ஏறியது. யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித்தரவில்லை. நூறு பேர் சேர்ந்து சொன்ன ஓசை காதில் விழுந்து விழுந்து படிந்துவிட்டது.

வகுப்பில் அந்தக் கேள்வி வந்த இரவு யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தை எடுத்தேன். எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை இஸ்ரவேலர் நினைவுகூரும் பஸ்கா பண்டிகையைப் பற்றிய பகுதி. “இந்த ஆராதனையின் கருத்து என்ன” என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் இப்படிப் பதில் சொல்லுங்கள் என்று அங்கே வருகிறது. எத்தனையோ தடவை வாசித்த இடம்தான். பிள்ளை கேட்க வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டுமானால் உள்ளே இருக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நாங்கள் பதில்களை மட்டும் அரங்கத்தில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சபைக் குழுவில் இதைச் சொன்னபோது, “ஞாயிறு பள்ளியையே மூடச் சொல்கிறீர்களா டீச்சர்?” என்று ஒருவர் கேட்டார். இல்லை. ஞாயிறு பள்ளி எப்படித் தொடங்கியது என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். 1780இல் இங்கிலாந்தின் குளஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ், வாரம் முழுவதும் உழைத்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை எழுத்தும் வாசிப்பும் கிடைக்க வழி செய்தார். பாடம் முடிந்தால் அந்தப் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். நம் மாவட்டத்திலும், மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்த நாள் தொட்டு, கோயில் எழும்பிய இடத்தில் பள்ளிக்கூடமும் எழும்பியது. இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கும். ஆனால் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று இருந்ததில்லை.

ஆயர் இன்னொன்றைச் சேர்த்தார். எபேசியருக்கு எழுதின நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில் பவுல் “பிள்ளைகளே” என்று நேராக அழைத்துப் பேசுகிறார். நிருபங்கள் சபை கூடியிருக்கும்போது உரக்க வாசிக்கப்பட்டவை. பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்காமல் அப்படி எழுதியிருக்க முடியுமா? குழு மூன்று மாதச் சோதனைக்குச் சம்மதித்தது.

முதலில் நேரத்தை மாற்றினோம். ஞாயிறு பள்ளியைக் காலை எட்டேகாலுக்கு வைத்தோம். பாதிப் பிள்ளைகள் வரவில்லை. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். ஞாயிறும் ரப்பர் பால்வெட்டு உள்ள வீடுகள் இருக்கின்றன. இருட்டில் எழுந்து வெட்டப் போனவர் பால் எடுத்துத் திரும்பிய பிறகுதான் அந்த வீட்டில் காலை உணவு. ஆகவே ஆராதனை முடிந்த பிறகு நாற்பது நிமிடம் என்று மாற்றினோம். பசியோடு உட்கார வைக்கக்கூடாது என்று பெண்கள் ஐக்கிய சங்கம் ஆளுக்கொரு பழமும் சுக்குக் காப்பியும் ஏற்பாடு செய்தது. இப்போது அன்றைக்கு உள்ளே கேட்ட வேதபாடமே வகுப்பின் பாடம். “ஐயா சொன்னாரே, அது ஏன்?” என்று தொடங்குகிறார்கள். ஒன்பது வருடத்தில் எனக்குக் கிடைக்காத கேள்விகள் இவை.

ஆனால் சோதனையின் முதல் ஞாயிறு மிக மோசமாகப் போனது. நாற்பத்து மூன்று பேரையும் முன்வரிசைகளில் சேர்த்து உட்கார வைத்தேன். ஒருவன் காணிக்கை நாணயத்தைக் கீழே உருட்டிவிட்டான், அதை எடுக்க நான்கு பேர் பெஞ்சுக்கு அடியில் நுழைந்தார்கள். பிரசங்கத்தின்போது சலசலப்பு அடங்கவில்லை. முடிந்ததும் எங்கள் சபையின் மூத்தவர், நாங்கள் எல்லோரும் பாட்டா என்று அழைப்பவர், வாசலில் என்னை நிறுத்தினார். “கோயிலைச் சந்தையாக்கிவிட்டாயே மக்களே” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வருத்தமாகச் சொன்னார்.

அந்த வாரம் முழுவதும் யோசித்ததில் தவறு பிடிபட்டது. பிள்ளைகளை உள்ளே வைத்தோமே தவிர, சபையோடு வைக்கவில்லை. அரங்கத்தில் இருந்த கூட்டத்தை அப்படியே தூக்கி முன்பெஞ்சில் வைத்திருந்தோம். பத்துப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவரையொருவர்தான் பார்ப்பார்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்தால் அவர் புத்தகத்தைத் திறக்கும்போது அதுவும் திறக்கும், அவர் எழும்போது அதுவும் எழும்.

அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு உட்காரச் சொன்னோம். அதிலும் சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்தில் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் தகப்பன்மார் அதிகம். இரண்டு பிள்ளைகளும் கைக்குழந்தையுமாகத் தனியே வரும் தாய், எல்லோரையும் எப்படிப் பார்த்துக்கொள்வாள்? பாடகர் குழுவில் பாடும் பெற்றோரின் பிள்ளைகள் யாரோடு உட்காருவார்கள்? ஆகவே பெரியவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் போட்டோம். பேரப்பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் பாட்டிமார், திருமணமாகாத அக்காமார், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளை. தாய்தகப்பனைக் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே உட்கார வைத்தோம். கோயிலுக்குள் எல்லோர் கண்முன்னும் மட்டும்தான் இந்த ஏற்பாடு. ஆலய அலுவலறையிலோ கழிப்பறைப் பக்கமோ எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையையும் தனியே அழைத்துப் போகக்கூடாது, இரண்டு ஆசிரியர்கள் கூட இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே எழுதி ஒட்டினோம். இதை யாராவது அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்காதீர்கள். நல்ல மனம் உள்ளவர்கள் யாரும் வருத்தப்படவில்லை.

பாட்டாவிடம் அனுப்பியது மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தையை. அவருக்குக் கண்புரை, சிறிய எழுத்து தெரியாது. பாட்டு எண்ணைப் பலகையில் பார்த்துப் புத்தகத்தில் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. முதல் வாரம் அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. இரண்டாம் வாரம் ஒரு கீர்த்தனையின் சரணத்தை அவள் தவறான ராகத்தில் இழுத்தபோது, பாட்டு முடிந்ததும் குனிந்து அவள் காதருகே மெல்லப் பாடிக் காட்டினார். அவள் தலையாட்டினாள். மூன்றாம் வாரம் அவளுக்குக் காய்ச்சல். ஆராதனை முடிந்ததும் அவர் என்னைத் தேடி வந்து, “பிள்ளை எங்கே?” என்று கேட்டார்.

கைக்குழந்தைகளுக்கும் ஒரு வார்த்தை. பக்கவாசல் அருகே காற்று வரும் இடத்தில் நான்கு நாற்காலி போட்டோம். தாய்மார் விருப்பம்போல் அங்கே உட்காரலாம், எழுந்து போய் வரலாம். அதைவிட உதவியது ஆயர் பீடத்தில் நின்று, “குழந்தை அழட்டும் அம்மா, நான் சத்தமாகப் பேசிக்கொள்கிறேன்” என்று ஒருமுறை சொன்னதுதான். அதன் பிறகு திரும்பிப் பார்க்கும் தலைகள் குறைந்துவிட்டன.

உட்கார்ந்தால் மட்டும் போதாது, வேலை வேண்டும். வேதபாட வாசிப்பில் தொடங்கினோம். இங்கே நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். மெட்ரிகுலேஷன் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் பலர் தமிழைத் தடுமாறித்தான் வாசிக்கிறார்கள். “செய்யக்கடவாய்”, “சம்பவித்தது” போன்ற சொற்களில் நின்றுவிடுகிறார்கள். அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி, வெட்டுத் தொழிலாளியின் மகள், 1 சாமுவேல் 3ஆம் அதிகாரத்தை வாசித்தாள். இரவில் சாமுவேலைக் கர்த்தர் பெயர் சொல்லி அழைக்கும் பகுதி. ஒவ்வொரு முறை அழைப்பு வரும்போதும் சற்று நிறுத்தினாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அதுவரை சபை விழாக்களில் அவளை யாரும் மேடையேற்றியது இல்லை. அன்றைக்கு வெளியே வந்தபோது மூன்று நான்கு பெண்கள் அவள் தாயின் கையைப் பிடித்துப் பேசினார்கள். அந்தத் தாய் தரையைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டே நின்றாள்.

வாசிப்புக்கு நாங்கள் கைக்கொள்ளும் முறை இது. பகுதியை ஒரு வாரம் முன்பே கொடுப்போம். பத்து வசனத்துக்கு மேல் வேண்டாம். வம்ச வரலாறு வேண்டாம், கதையாக ஓடும் பகுதி நல்லது. நாகமான் வீட்டுச் சிறுபெண், அப்பமும் மீனும் கொண்டுவந்த பையன் என்று பிள்ளைகள் வரும் இடங்களே வேதத்தில் நிறைய உண்டு. நிறுத்த வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்போம். சனிக்கிழமை மாலை வெறுங்கோயிலில் மைக்கைப் போட்டு ஒருமுறை வாசிக்க வைப்போம், தன் குரலே பெரிதாகக் கேட்கும்போது வரும் திகைப்பு அன்றைக்கே தீர்ந்துவிடும். வாசிப்பு மேசைக்குப் பின்னால் நின்றால் பிள்ளையின் நெற்றி மட்டும் தெரிந்ததால், சபையில் உள்ள ஆசாரி ஒருவர் அயனிப் பலகையில் முக்கால் அடி உயரத்துக்கு ஒரு படி செய்து கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

வாசிக்க இயலாதவர்களை விட்டுவிடக்கூடாது. ஓர் இடத்தில் உட்கார முடியாத ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் தாய் ஆராதனை முழுவதும் அவன் சட்டையைப் பிடித்தபடியே இருப்பாள். அவனிடம் பாட்டு எண் பலகையைக் கொடுத்தோம். ஒன்பது மணிக்கே வந்து, எண் தகடுகளைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து, ஒவ்வொன்றாகச் செருகுவான். விரலால் தடவிச் சரிபார்த்து, இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பான். ஆராதனையில் ஒவ்வொரு பாட்டு வரும்போதும் தான் வைத்த எண்ணைத்தான் எல்லோரும் பாடுகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அடுத்த பாட்டுக்காகக் காத்திருக்கிறான். இப்போதும் எழுந்து நடக்கத்தான் செய்கிறான். ஆனால் தாய் சட்டையை விட்டுவிட்டாள்.

திருவிருந்து ஞாயிறுகளில் சமாதானம் கொடுக்கும் பகுதி பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. நம் தென்னிந்திய திருச்சபை 1947இல் உருவாகி, 1950இல் வந்த அதன் திருவிருந்து முறையிலேயே இது உண்டு. கூப்பிய கைகளை அடுத்தவர் கைக்குள் வைத்துச் சமாதானத்தை வரிசை வரிசையாகக் கடத்துவது. இதற்கு எழுத்தறிவு வேண்டாம், வயது வேண்டாம். பீடத்திலிருந்து வாங்கி ஒவ்வொரு பெஞ்சுக்கும் கொண்டுபோகும் பணியைப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். ஒரு வரப்புத் தகராறில் இரண்டு வருடம் பேசாமல் இருந்த இரண்டு வீட்டாரின் பெஞ்சுகளுக்கும் ஒரே பிள்ளைதான் போகிறது. அதைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை.

பிடியரிசியும் திரும்பி வந்தது. சோறு வைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடி கோயிலுக்கு என்று தனியே எடுத்து வைப்பதை நம் பாட்டிமார் விடாமல் செய்தார்கள். அது பல வீடுகளில் பணமாக மாறிவிட்டது. பிள்ளைகளிடம் ஆளுக்கொரு டப்பா கொடுத்து, தன் கையாலேயே ஒரு பிடி போடச் சொன்னோம். காணிக்கை நேரத்தில் முன்னால் வந்து பெரிய பாத்திரத்தில் கொட்டுகிறார்கள். கொட்டிய பிறகு உள்ளங்கையில் ஒட்டிய அரிசியையும் தட்டிவிட்டுத்தான் இறங்குகிறார்கள்.

தவறியவற்றையும் சொல்லியாக வேண்டும். பிரசங்கத்துக்கு முன் ஐந்து நிமிடம் பிள்ளைகளை முன்னால் அழைத்துக் கேள்வி கேட்டுப் பேசினோம். ஆறு வயதுப் பையன் ஒருவன் மைக்கில் ஒரு பதில் சொன்னான். சபை சிரித்தது, யாரோ கைப்பேசியில் படம் பிடித்தார்கள். அவன் முகம் சிவந்தது. அவன் தன் மனதில் இருந்ததை நேர்மையாகச் சொல்லியிருந்தான். அதற்குப் பிறகு நான்கு மாதம் அவன் முன்னால் வரவில்லை. பிள்ளைகளின் பதில் பெரியவர்களுக்கு வேடிக்கையாகிவிட்டது என்பதை அன்று கண்டோம். மைக்கில் கேள்வி கேட்பதை நிறுத்தினோம், ஆராதனையில் பிள்ளைகளைப் படம் பிடிக்கவும் தடை போட்டோம். இப்போது ஆயர் தன் பிரசங்கத்திலேயே இரண்டு மூன்று இடங்களில் பிள்ளைகளைப் பார்த்துப் பேசுகிறார். நாற்பது நிமிடப் பிரசங்கம் இருபத்தைந்தாகச் சுருங்கியது. பெரியவர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

இரண்டாவது தவறு என்னுடையது, இன்றும் நெஞ்சில் உறுத்துகிறது. மன்றாட்டு ஜெபத்தைப் பிள்ளைகள் தங்கள் சொந்த வார்த்தையில் ஏறெடுக்கட்டும் என்று விட்டேன். ஒன்பது வயதுச் சிறுமி மழைக்காக ஜெபித்தாள், நோயாளிகளுக்காக ஜெபித்தாள். பிறகு, “எங்கள் அப்பா குடிக்காமல் வீட்டுக்கு வர வேண்டும்” என்றாள். மின்விசிறி ஓசை மட்டும் கேட்டது. ஆண்கள் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்த அவள் தகப்பன் எழுந்து வெளியே போனார்.

மூன்று ஞாயிறு அந்தக் குடும்பம் வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. தாய், “பிள்ளை பொய் சொல்லவில்லை டீச்சர். ஆனால் நாங்கள் நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டுமே” என்றாள். தகப்பன் திண்ணையில் தலையைத் தூக்காமல் இருந்தார். அவரிடம், “பிழை எங்களுடையது அண்ணன். பிள்ளையை ஆயத்தப்படுத்தாமல் மைக்கைக் கொடுத்தது நான்” என்றேன். சிறுமியைத் தனியே விடாமல் தாயின் பக்கத்தில் வைத்தே, அவள் கேட்டதில் எந்தத் தப்பும் இல்லை, ஆண்டவர் கேட்டுக்கொண்டார் என்று சொன்னேன். அவள் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. நான்காம் ஞாயிறு வந்தார்கள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் குடியை விட்டுவிட்டாரா என்பதை இங்கே எழுதும் உரிமை எனக்கு இல்லை.

அன்றுமுதல் ஜெபத்தைப் பிள்ளையும் ஆசிரியரும் சேர்ந்து சனிக்கிழமை எழுதுகிறார்கள். வீட்டுக் காரியம் எதுவானாலும் ஒரு தாளில் எழுதி மடித்து ஆயரிடம் மட்டும் கொடுக்கலாம். அந்தத் தாள்களை அவர் வேறு யாருக்கும் காட்டுவதில்லை, எனக்கும்தான். ஆராதனையில் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்க நினைக்கும் எந்தச் சபையும் இந்த ஏற்பாட்டை முதல் நாளுக்கு முன்பே செய்துகொள்ளட்டும். எங்களைப்போல் ஒரு வீட்டின் மானத்தை விலையாகக் கொடுத்துக் கற்க வேண்டாம்.

இரண்டரை வருடம் ஆகிறது. அரங்கம் பூட்டியிருக்கவில்லை, வகுப்புகள் அங்கேதான். முழங்கால் பற்றிக் கேட்ட பையன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் அவன் பக்கத்தில் உட்காருகிறான். பாவ அறிக்கை வரும்போது இவன் முழங்காலிட, சின்னவன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தானும் இறங்குகிறான்.

வருகிற ஞாயிறு வேதபாடம் யோவான் 6ஆம் அதிகாரம். வாசிக்கப்போகிற பிள்ளைக்கு “வாற்கோதுமை” என்ற சொல் வாயில் வரவில்லை. “அது என்ன டீச்சர், நம் ஊரில் கிடைக்குமா?” என்று கேட்கிறாள். நாகர்கோவிலில் நாட்டுமருந்துக் கடையில் பார்லி கிடைக்கும். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போய் நூறு கிராம் வாங்கி வந்து, அவள் கையில் வைக்க வேண்டும்.